பாட்டியின் பேச்சும் பேரனின் செவியும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் ஆஸ்திரேலியாவைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம் கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கட்டணமும் கொடுத்து உதவுவதில் தொடங்கிற்று. இப்பொழுது பள்ளி வயதை எட்டாத மழலைகளுக்கும் ஏதேனும் செய்யவேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. நல்ல பேச்சுத்தான். ஆயினும் குழந்தைகளுக்கு நன்மை செய்கிறோம் என்று புறப்பட்டவர்களால் பெருந்துன்பம் அடைந்து, பின்னர்த் தம் மழலைகளைத் தாமே வளர்த்தெடுக்கும் உரிமைக்காகப் பாடுபட்டு வரும் ஒரு மக்களின் வரலாற்றை அறிந்துகொண்டு அவ்வேலையில் இறங்குவது நல்லது என்று நினைக்கிறோம்.

அம்மக்களை ஆங்கிலத்தில் 'அபாரிஜினல்' என்பார்கள். இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். தொடக்கம் முதலே இருப்பவர் என்பது பொருள். 'ஆதி' என்னும் சொல்லை நம் முன்னோர் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொள்ளப் போராடியதையும், 1922ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டதையும் இங்கு இருப்பவர்கள் அறிவார்கள். ஆகவே அவர்களை ஆதிக்குடியினர் என்றே இங்குக் குறிப்போம். டாரஸ் நீரிணைத் தீவு மக்கள் தனி மரபினர்; அவர்களைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை.

1788இல் ஆங்கிலேயர் குடியேறியபோது அக்கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. 2020இல் வெளியான தேசிய மொழி ஆய்வறிக்கை, ஓரளவேனும் புழக்கத்தில் இருப்பவை 123 என்றது. அவற்றுள்ளும் குழந்தைகள் இயல்பாகக் கற்று வளரும் வலுவான மொழிகள் பன்னிரண்டே. எஞ்சியவற்றைப் பேச வயதானவர்கள் இருக்கிறார்கள், அல்லது ஏடுகள் இருக்கின்றன, மழலைகள் இல்லை.

ஆதிக்குடிக் குடும்பம் ஒன்று தன் குழந்தைக்குக் கொடுப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். நடுப் பாலைநிலத்தில் வார்ல்பிரி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். வார்ல்பிரிக் குழந்தை முதலில் கற்பது உறவு. அம்மாவும் 'ஙதி', அம்மாவின் உடன்பிறந்தாளும் 'ஙதி'. அப்பாவும் 'கிர்தா', அப்பாவின் உடன்பிறந்தானும் 'கிர்தா'. ஆனால் தாய்மாமனுக்கும் அத்தைக்கும் தனித்தனிச் சொற்கள். சின்னம்மாவையும் பெரியப்பாவையும் தாய் தந்தையர் வரிசையிலும், மாமனையும் அத்தையையும் வேறு வரிசையிலும் வைக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும், ஆங்கிலேயருக்கு விளங்கவில்லை. பாட்டியர் இருவருக்கும் வெவ்வேறு பெயர்: அம்மாயி 'ஜாஜா', அப்பாயி 'யபர்லா'. இதற்கு மேலாக ஒவ்வொருவரும் எட்டுப் பிரிவுகளில் ஒன்றில் பிறக்கிறார்கள். யாரிடம் கேலி பேசலாம், யாரிடம் ஒதுங்கி நிற்கவேண்டும், யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் அந்தப் பிரிவு காட்டிவிடும். முன்பின் அறியாத ஒருவர் ஊருக்குள் வந்தாலும் அவருடைய பிரிவைக் கேட்ட மாத்திரத்தில் அவர் தமக்கு என்ன முறை என்பதை அங்குள்ளோர் அறிந்துகொள்வர்.

அடுத்தது திசை. வடக்கு 'யதிஜரா', தெற்கு 'குர்லிரா'. பாலைநிலத்தில் திசை தவறினால் தண்ணீர் தவறும். தண்ணீர் தவறினால் உயிர் போகும். ஆகையால் குழந்தையின் காதில் நாள் முழுதும் திசைச்சொல் விழுகிறது. நம் கிராமங்களிலும் 'கொஞ்சம் மேற்கே தள்ளி உட்கார்' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். நகரத்துப் பிள்ளைகளுக்கு அது மறந்துபோயிற்று.

மூன்றாவது கதை. பெண்கள் மணலைக் கையால் தடவிச் சமன் செய்துகொண்டு, விரலால் கோடு இழுத்தவாறே கதை சொல்வார்கள். குதிரை லாடம் போன்ற வளைவு உட்கார்ந்திருக்கும் ஆளைக் குறிக்கும். வட்டத்துக்குள் வட்டம் வரைந்தால் நெருப்போ, நீர்ச்சுனையோ, தங்குமிடமோ ஆகும். ஒரு காட்சி முடிந்ததும் மணலைத் துடைத்து அடுத்ததைத் தொடங்குவர். கூடவே கைச்சைகையும் உண்டு. கணவனை இழந்த பெண்கள் துக்க காலத்தில் வாய் திறவாதிருக்கும் வழக்கத்தால், முழுமையான சைகை மொழி ஒன்றே அங்கு வளர்ந்திருக்கிறது. குழந்தைகள் அதையும் பார்த்துப் பழகிவிடுகிறார்கள். எழுத்தறியாதவர் என்று பிறர் ஏளனமாகச் சொன்ன பாட்டியர் இத்தனையையும் ஒரு பள்ளிக்கட்டடமும் இல்லாமல் கற்பித்து வந்தார்கள்.

இடையில் ஒரு செய்தி. இளைஞர்களுக்குச் சுவையாக இருக்கும். நம் நெடுங்கணக்கில் 'ங' என்ற எழுத்து இருந்தும் அதை முதலாகக் கொண்ட சொல் நம்மிடம் இல்லை என்றே சொல்லலாம். ஆஸ்திரேலிய மொழிகளிலோ அவ்வொலியில் தொடங்கும் சொற்கள் ஏராளம். ககரத்துக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் தனி எழுத்து வைத்துப் பொருள் பிரிக்காமை, நாவை வளைத்து ஒலிக்கும் ட, ண போன்ற ஒலிகள் நிறைந்திருத்தல் ஆகியவை அவர்கள் மொழிகள் பலவற்றுக்கும் தமிழுக்கும் பொது. இதைக் கொண்டு அவர்களும் நாமும் ஒரே இனம் என்று மேடையில் முழங்குபவர்கள் இருக்கிறார்கள். ஒலி ஒப்புமை உறவுக்குச் சான்றாகாது. அவர்களோடு நமக்கு உறவு வேண்டுமானால் அதற்கு வேறு காரணங்கள் போதிய அளவில் உள்ளன.

இத்தகைய குடும்பக் கல்வி எப்படி அறுந்தது? தானாக அறவில்லை. சட்டம் போட்டு அறுத்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1909ஆம் ஆண்டில் ஆதிக்குடியினர் 'பாதுகாப்பு'ச் சட்டம் வந்தது. 1915இல் அதைத் திருத்தி, பெற்றோர் குழந்தையைப் புறக்கணித்ததாக நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிய தேவையின்றியே குழந்தையை எடுத்துச் செல்லும் அதிகாரத்தைப் பாதுகாப்பு வாரியத்துக்கு அளித்தார்கள். மற்ற மாநிலங்களும் வெவ்வேறு சட்டங்களால் அதையே செய்தன. 1910 முதல் 1970 வரை பத்துக் குழந்தைகளில் ஒரு குழந்தை முதல் மூன்றில் ஒரு குழந்தை வரை இவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கை கணித்தது. 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று அவர்களைச் சொல்கிறார்கள்.

1931ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜிகலாங் என்னும் ஊரிலிருந்து மோலி, டெய்சி, கிரேசி என்ற மூன்று சிறுமியரைப் பிடித்து மூர் ரிவர் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்குத் தம் மொழியில் பேசக் கூடாது. அவர்கள் தப்பி, முயல்களைத் தடுக்கப் போட்டிருந்த நெடுவேலியை வழியாகக் கொண்டு, ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நடக்கத் துணிந்தார்கள். கிரேசி இடைவழியில் பிடிபட்டாள். மற்ற இருவரும் வீடு சேர்ந்தனர். மோலியின் மகள் டோரிஸ் பில்கிங்டன் 1996இல் இதை நூலாக எழுதினார். 2002இல் திரைப்படமும் வந்தது. திரைப்படம் பார்த்தவர்கள் பலர் அறியாதது ஒன்று உண்டு. மோலி வளர்ந்து தாயான பின்பும் தன் இரு பெண்குழந்தைகளுடன் அதே குடியிருப்புக்குக் கொண்டுபோகப்பட்டார். மீண்டும் தப்பி, கைக்குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு மீண்டும் நடந்தார். அந்தக் குழந்தையையும் பின்னர் எடுத்துக்கொண்டார்கள். தாய் வழிநடையில் வீரம் காட்டினாள் என்று நாம் வியக்கிறோம். மகள் டோரிஸ் தாயில்லாமல் வளர்ந்தாள் என்பதையும் எண்ணவேண்டும்.

பிரிக்கப்படாத குடும்பங்களிலும் மொழி நின்றுபோனது எவ்வாறு? இதுவே இவ்வுரையின் உயிர்நிலை. விராஜுரி மக்களின் மூத்த பெரியவர் ஸ்டான் கிராண்ட், தம் இளமைக் காலச் செய்தி ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அவருடைய தாத்தா அவரை விராஜுரி மொழியில் கூப்பிட்டார். அதைக் கேட்ட போலீஸ்காரர் தாத்தாவைப் பிடித்துச் சிறையில் அடைத்தார். அதற்குப் பின் தாத்தா ஊருக்குள் அம்மொழியைப் பேசவில்லை. இத்தகைய தாத்தா பாட்டியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் மொழியை மறந்தவர்கள் அல்லர்; மறைத்தவர்கள். குழந்தையின் வாயில் அம்மொழி வந்தால் அதிகாரியின் காதில் விழும், குழந்தையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அஞ்சி, அன்பினால் மறைத்தார்கள். பேரன் காவலில் சிக்காமல் வளர்ந்தான். பாட்டியின் பேச்சு அவன் செவிக்கு எட்டாமற் போயிற்று.

நகரத்தில் வாடகை வீடு தேடும்போது தம் ஊரின் பெயரைச் சொல்லத் தயங்கிய தந்தையரை நாம் அறிவோம். பறையடித்த பாட்டன் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லாதவர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே 'இவர்களுக்குத் தம் பண்பாட்டில் அக்கறையில்லை' என்று ஆதிக்குடிப் பெற்றோரைக் குறைகூறும் அறிஞர்களை நாம் நம்பவேண்டியதில்லை. அச்சம் நீங்கினால் வாய் திறக்கும். குடும்பத்துக்குத் துணைநிற்பது என்பது அங்கேதான் தொடங்கவேண்டும்.

அவ்வச்சம் பழங்கதை அன்று. இன்றும் அங்கு அரசின் காப்பில், வீட்டுக்கு வெளியே வளரும் ஆதிக்குடிக் குழந்தைகளின் விகிதம் மற்றக் குழந்தைகளினுடையதைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு. இந்த வேறுபாட்டை 2031க்குள் 45 விழுக்காடு குறைப்பது என்று 2020இல் அரசாங்கங்கள் ஆதிக்குடி அமைப்புகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டன. குழந்தையைப் பிரிக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் உறவினர், பிறகு சொந்தச் சமூகத்தார், பிறகு வேறு ஆதிக்குடிக் குடும்பம் என்ற வரிசையில்தான் இடம் தேடவேண்டும் என்னும் நெறி, 1983இல் வடக்குப் பிரதேசத்தில் முதன்முதலாகச் சட்டத்தில் ஏறியது. நெறி நல்லதே. அதை நிறைவேற்றும் அதிகாரி தம் மேசையிலிருந்து எழுந்துபோய் அத்தையையும் சின்னம்மாவையும் தேடவேண்டும், அதுதான் குறைவு.

1981இல் ஆதிக்குடியினரே தம் குழந்தைகளுக்கான தேசிய அமைப்பு ஒன்றை நிறுவினர். அவ்வமைப்பு 1988 முதல் ஆகஸ்ட் 4ஆம் நாளை ஆதிக்குடி, தீவுக்குடிக் குழந்தைகள் நாளாகக் கொண்டாடி வருகிறது. ஏன் அந்த நாள்? பிடித்துச் செல்லப்பட்ட குழந்தைகள் பலருக்குத் தம் பிறந்த நாள் தெரியாது. ஆகஸ்ட் 4 என்று ஒரு நாளில் எல்லார்க்கும் சேர்த்துப் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் இருந்தது. அதே நாளில் இப்பொழுது மழலைகள் தம் பாட்டி தாத்தாமாருடன் ஆடிப்பாடுகிறார்கள்.

இனி, மொழியைப் பற்றிய பேச்சில் பலர் நினையாத ஒன்றைச் சொல்லவேண்டும்: காது. தொலைவிடங்களில் வாழும் ஆதிக்குடிக் குழந்தைகளிடையே நடுச்செவி அழற்சியும் காதில் சீழ் வடிதலும் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று ஆஸ்திரேலியா. பிறந்த சில மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. மொழி செவிவழிச் செல்வம். சரிவரக் கேட்காத குழந்தைக்குப் பாட்டியின் கதையும் எட்டாது, ஆசிரியையின் ஆங்கிலமும் எட்டாது. பிறகு அவனை மந்தன் என்பார்கள், முரடன் என்பார்கள். நெரிசலான வீடும் கழுவ நீரின்மையும் புகையும் இந்நோய்க்கு உரமிடுகின்றன. பண்பாட்டைக் காக்க விழா எடுப்பவர்கள், வீட்டுக்குக் குழாய் போடுவதும் பண்பாட்டுப் பணியே என்று உணர்வதில்லை.

பள்ளிகளின் வரலாறு நீண்டது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நிற்போம். 1972 டிசம்பரில் விட்லம் அரசாங்கம் தாய்மொழிவழித் தொடக்கக் கல்விக்கு வழிவிட்டது. 1973 முதல் வடக்குப் பிரதேசத்தில் இருமொழிப் பள்ளிகள் எழுந்தன. ஆதிக்குடி ஆசிரியர்கள் தம் மொழியில் சிறு நூல்கள் அச்சிட்டனர். யிர்கலா என்னுமிடத்தில் யோல்ங்கு மக்களின் பள்ளிக்கு அவர்களுள் ஒருவரான யுனுபிங்கு 1990இல் தலைமையாசிரியரானார். பாடகராகவும் உலகறிந்தவர் அவர். அம்மக்கள் தம் கல்வியை 'கன்மா' என்ற சொல்லால் விளக்கினர். ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் சந்தித்துக் கலக்கும் இடம் கன்மா. கழிமுகத்தில் வாழும் நம் மக்களுக்கு இவ்வுவமை நன்கு விளங்கும்: ஒன்று மற்றொன்றை விழுங்காமல் சேரவேண்டும்.

அரசாங்கத்துக்கு அது விளங்கவில்லை போலும். 1998இல் இருமொழித் திட்டத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு எழவே வேறு பெயரில் தொடரவிட்டார்கள். 2008 அக்டோபரில் நாள்தோறும் முதல் நான்கு மணிநேரம் ஆங்கிலமே என்று ஆணையிட்டார்கள். சில ஆண்டுகளில் அதுவும் தளர்ந்தது. காலையில் கருத்து தெளிந்திருக்கும் நேரம் ஆங்கிலத்துக்கு, களைத்த பிற்பகல் தாய்மொழிக்கு! ஓர் ஐந்து வயதுக் குழந்தை இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்பது எந்த ஆதிக்குடித் தாயின் எண்ணமும் அன்று. நாமும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டுமென்றே கேட்கிறோம். இரண்டையும் கேட்பவரிடம் ஒன்றைத் தேர்ந்தெடு என்பதுதான் சூழ்ச்சி.

நம்மைப் போன்ற கழகத்தார் கருதத்தக்கது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தின் யிப்பிரின்யா பள்ளி. நகரத்தின் ஓரங்களில் குடிசை போட்டு வாழ்ந்த ஆதிக்குடிப் பெற்றோர், தம் பிள்ளைகள் நகரப் பள்ளிகளில் ஒதுக்கப்படுவதைக் கண்டு, 1978இல் தாமே ஒரு பள்ளிக்குழு அமைத்தனர். யிப்பிரின்யா என்பது அந்நிலத்தின் புனிதக் கம்பளிப்புழுவின் பெயர். பள்ளிக்கு அங்கீகாரம் தர அரசு மறுத்தது. அவர்கள் விடவில்லை, வழக்காடி 1983இல் பெற்றார்கள். சேரியிலிருந்து பள்ளி பிறந்த கதை நமக்குப் புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதரின் முயற்சியும் கர்னல் ஆல்காட்டின் துணையும் சேர்ந்து 1894இல் சென்னையில் பிறந்த இலவசப் பள்ளியை நினைத்துக்கொள்ளலாம்.

மொழி பேசுவோரே இல்லாமற்போன இடங்களிலும் முயற்சி நடக்கிறது. அடிலைட் நகரம் நிற்கும் சமவெளி கௌர்னா மக்களுடையது. 1838இல் அங்கு வந்த டைக்கல்மன், ஷூர்மன் என்ற இரு ஜெர்மானியப் பாதிரிமார் 1839இல் கௌர்னா மொழியிலேயே பள்ளி நடத்தினர். 1840இல் இலக்கணமும் சொற்பட்டியலும் அச்சிட்டனர். அவர்களை அனுப்பிய டிரெஸ்டன் சங்கமே சில ஆண்டுகளில் தரங்கம்பாடிக்கும் ஆள் அனுப்பி, பின்னர் லைப்சிக் மிஷன் என்று நம் நாட்டில் பெயர் பெற்றது. 1845இல் அரசு அப்பள்ளியை மூடிப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றியது. அம்மொழியைச் சரளமாக அறிந்த கடைசியாளராகக் கருதப்படும் இவரிட்ஜி என்ற மூதாட்டி 1929இல் காலமானார். அறுபது ஆண்டு கழிந்து, அந்த 1840ஆம் ஆண்டு நூலைக் கையில் எடுத்துக்கொண்டு கௌர்னா வழித்தோன்றல்கள் பாட்டுக் கட்டத் தொடங்கினார்கள். இப்பொழுது சிலர் தம் கைக்குழந்தைகளுடன் கௌர்னாவில் பேசுகிறார்கள். தாய் இன்று ஒரு சொல் கற்று, இன்றே அதைக் குழந்தைக்குச் சொல்கிறாள்.

நியூசிலாந்தின் மவோரி மக்கள் 1982இல் 'கோஹங்கா ரேஓ' என்ற மொழிக்கூடுகளைத் தொடங்கினர். பாட்டிமார் குழந்தைகளோடு முழுநாளும் மவோரியிலேயே பேசிப் பழகும் இடம் அது. நியூ சவுத் வேல்ஸ் அரசு 2013 முதல் கும்பைங்கிர், விராஜுரி உள்ளிட்ட ஐந்து மொழிக் குழுக்களுக்கு அப்பெயரில் திட்டம் வகுத்தது. 2017இல் ஆதிக்குடி மொழிகளுக்கெனச் சட்டமும் இயற்றிற்று. பாராட்டலாம். எனினும் வாரத்துக்கு அரைமணி நேரம் நிறங்களையும் எண்களையும் ஒப்பிக்கச் செய்வதைக் கூடு என்று சொல்லமுடியாது. சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் அதட்டும்போதும் ஒலிப்பதே குழந்தைக்கு மொழி. கும்பைங்கிர் மக்கள் அதனாலேயே 2022இல் காஃப்ஸ் ஹார்பரில் தமக்கென இருமொழிப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள்.

கடைசியாகப் பணத்தைப் பற்றி ஒரு செய்தி. மீண்டும் வார்ல்பிரி மக்களிடம் வருவோம். அவர்கள் நிலத்தில், டனாமி பாலையில், தங்கச் சுரங்கம் நடக்கிறது. நிலத்துக்குரிய பங்குத்தொகை அவர்களுக்கு வருகிறது. வீடுதோறும் பங்கிட்டுக்கொண்டிருக்கலாம், வேண்டுமென்று கேட்டவர் யாரும் குறைகூற முடியாது, ஏழைகள்தாமே! ஆனால் வார்ல்பிரி ஆசிரியைகளும் மூதாட்டிகளும் வாதாடி, 2005இல் அதில் ஒரு பகுதியைக் கல்வி அறக்கட்டளையாக ஆக்கினார்கள். யுவெண்டுமு, லஜமானு, வில்லோரா, நிர்பி ஆகிய நான்கு ஊர்களில் மழலையர் பணிக்கும், மொழி நூல்களுக்கும், பிள்ளைகளைச் சொந்த நிலத்துக்கு அழைத்துச் செல்லும் பயணங்களுக்கும் அதிலிருந்து செலவாகிறது. அப்பயணங்களில் உடன்சென்று பாட்டும் தடமும் கற்பிக்கும் முதியோருக்கு ஊதியம் உண்டு. இந்த ஊதியத்தை நாம் பெரிதாக மதிக்கிறோம். பட்டம் பெற்ற ஆசிரியைக்குச் சம்பளமும் பாட்டிக்கு ஒரு சால்வையும் என்றிருக்கும் வரையில், எது கல்வி, எது வேடிக்கை என்பதைக் குழந்தையே கணக்கிட்டுவிடும்.

நம் கழகம் மழலைக் கூடம் தொடங்குமாயின், அதற்கான வரவுசெலவுத் திட்டத்தில் நம் தெருக்களின் பாட்டிமார் இருவர்க்கு மாதச் சம்பளம் என ஒரு இனத்தை எழுதவேண்டும் என்றும், அப்பாட்டிமார் யார் என்பதைச் செயற்குழு அன்றித் தாய்மார்களே கூடித் தீர்மானிக்கவேண்டும் என்றும் ஒரு தீர்மானத்தை எழுதித் தலைவர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வரும். எதிர்ப்பவர்களும் வந்து பேசவேண்டும்.